கிழித்த ஓலையும் பிரிக்காத கடிதமும்

திருச்சிற்றம்பலம்.



பாரிட் புந்தாரில் நம் இளைஞர்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகளைப் பற்றிப் பேசினேன். அதை அப்படியே எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் குழுத் தம்பிகள் கேட்டார்கள். பேசியது பேசியபடி எழுத்தில் வராது. அதோடு, அன்றைக்குப் பேசி முடித்த பிறகு நடந்த ஒன்று, பேசியதையே எனக்கு வேறு மாதிரி காட்டிவிட்டது. ஆகவே இதில் பாதி அன்று பேசியது, பாதி அதற்குப் பிறகு யோசித்தது.

கூட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி மட்டும் செருப்பு போடும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆள் குறைந்ததும் மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கடித உறைகள். எட்டு இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"அண்ணே, எல்லாம் கடன் லெட்டரு. ரெண்டு லாயர் ஆபீஸ்லருந்து வந்திருக்கு. ஒண்ணு கோர்ட்டு லெட்டரு மாதிரி இருக்கு. பிரிச்சா பயமா இருக்குண்ணே. பிரிக்கலன்னா ராத்திரி தூக்கம் வரல."

அன்றைக்குத்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சுந்தரர் ஓலையைக் கிழித்ததை நான் சிரிப்போடு சொல்லியிருந்தேன். கூட்டமும் நன்றாகச் சிரித்தது. அந்தத் தம்பி சிரித்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சேக்கிழார் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்று பேரே வைத்திருக்கிறார். கல்யாணத்தைத் தடுத்து ஆட்கொண்ட கதை. ஆனால் அதை ஒரு கடன் வழக்கு என்று நினைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, ஆவணம் உண்டு, சாட்சிக் கையெழுத்து உண்டு, கையெழுத்து ஒப்பீடு உண்டு, கடைசியில் தீர்ப்பும் உண்டு. நம் சமய நூல்களில் ஒரு சிவில் வழக்கு இவ்வளவு விவரமாக வருகிற இடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

திருநாவலூரில் ஆதிசைவர் குடும்பத்தில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளை நம்பியாரூரர். நரசிங்கமுனையரையர் என்ற சிற்றரசர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி, அரண்மனையில் வளர்த்தார். வயது வந்ததும் புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளைப் பேசி முடித்தார்கள். பந்தல் போட்டாச்சு. மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்கியாச்சு. சடங்கு தொடங்கப் போகிற நேரத்தில் ஒரு கிழவர், தடி ஊன்றிக்கொண்டு, நடுப்பந்தலில் வந்து நிற்கிறார். எனக்கும் உனக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டு நீ கல்யாணத்தைப் பார் என்கிறார்.

இதற்குச் சுந்தரர் என்ன பதில் சொன்னார் என்பதை நாம் கவனிப்பதே இல்லை. "யோவ் பெருசு, தள்ளு" என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வழக்கு உண்மையிலேயே இருந்தால் அதை முடிக்காமல் நான் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன், என்ன வழக்கு, முழுசாகச் சொல்லுங்கள் என்றார். மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளை சொல்கிற வார்த்தை இது. நம் ஊரில் கடன் வாங்கித்தான் கல்யாணமே நடக்கிறது. மண்டபத்துக்குக் கடன், நகைக்குக் கடன், வீடியோக்காரருக்குக் கடன். கடனுக்காகக் கல்யாணத்தை நிறுத்தத் தயாராக இருந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கிழவர் விஷயத்தைச் சொல்கிறார்: இவன் என் அடிமை. இவனுடைய பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த ஓலை இது.

அப்போதுதான் சுந்தரருக்குக் கோபம் வருகிறது. அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது எங்கே உண்டு, நீ என்ன பைத்தியமா என்று கேட்டார். கிழவர் அசரவில்லை. பைத்தியம் என்றாலும் சரி, பேய் என்றாலும் சரி, எனக்குக் கவலையில்லை என்று நின்றார். ஓலையைக் காட்டு என்றால், உனக்கு அதைப் பார்க்கத் தகுதி இருக்கிறதா என்று ஓடினார். சுந்தரர் விரட்டிப் பிடித்து, ஓலையைப் பறித்து, கிழித்துப் போட்டார்.

கிழித்தாச்சு. கதை முடிந்ததா?

கிழவர் ஊரைக் கூட்டினார். நான் இருக்கிற ஊர் திருவெண்ணெய்நல்லூர், அங்கே சபை இருக்கிறது, வா என்றார். அங்கே போய்ச் சொன்னார்: இவன் கிழித்தது நகல்தான். இப்படிக் கிழிப்பான் என்று தெரிந்துதான் மூல ஓலையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தம்பிகளே, இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உலகத்தில் இருக்கிற எல்லாக் கடன்காரருக்கும் மூல ஓலை ஒன்று இருக்கிறது. நாம் கிழிப்பதெல்லாம் நகல்தான். கடிதத்தைக் குப்பையில் போடலாம், போன் நம்பரை பிளாக் பண்ணலாம், வீடு மாறிப் போகலாம். மூல ஓலை இன்னொருவர் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

ஆனால் ஓலையைக் கிழித்த அதே சுந்தரர் சபைக்கு வந்தார். இதற்காகவே அவரை நான் கும்பிடுவேன். அரசர் வீட்டுப் பிள்ளை. வராமல் இருந்திருந்தால் அந்தக் கிழவரால் என்ன செய்திருக்க முடியும்? கோபம் வந்தது, கிழித்தார், ஆனாலும் நடந்து வந்து சபையில் நின்றார்.

சபையும் லேசுப்பட்ட சபை இல்லை. முதலில் சுந்தரர் பக்கம்தான் பேசினார்கள். அந்தணர் அடிமையாவது இந்த உலகத்தில் இல்லாத வழக்கம், நீர் எப்படிச் சொல்கிறீர் என்று கிழவரைத்தான் மடக்கினார்கள். பிறகு, ஒரு வழக்கை மெய்ப்பிக்க மூன்று வழி உண்டு, அதில் ஒன்றையாவது காட்டும் என்றார்கள். காலங்காலமாக நடந்துவரும் வழக்கம், எழுத்து, நேரில் பார்த்த சாட்சி. கிழவர் எழுத்தைக் காட்டுகிறேன் என்றார். ஆனால் முன்பே ஒன்றைக் கிழித்தவன் இவன், இதையும் பிடுங்காமல் நீங்கள் காவல் இருந்தால்தான் காட்டுவேன் என்று நிபந்தனை போட்டார். (சிவபெருமான்கூட நகலை நம்பி மூலத்தை நீட்டவில்லை பாருங்கள்!) சபை சம்மதித்தது. கணக்கர் ஓலையை வாங்கிப் பார்த்தார், வாசித்தார். திருநாவலூர் ஆரூரன் எழுதிக் கொடுத்தது, நானும் என் வழிவருவோரும் அடிமை செய்வோம் என்பது சாரம். சாட்சிகள் தங்கள் கையெழுத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதோடும் விடவில்லை. பாட்டனார் எழுதிய வேறு ஓலை ஒன்றைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. அதன் பிறகுதான் தீர்ப்பு: நம்பி, நீர் தோற்றீர். இவருக்கு ஏவல் செய்வதே உம் கடமை.

முறை இதுதான் என்றால் நான் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சுந்தரர் சொன்ன பதில் அவ்வளவுதான்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் ஒரு கேள்வி வரும். அன்றைக்கும் வந்தது. ஒரு தங்கைதான் எழுந்து கேட்டார்: "பாட்டன் எழுதிக் கொடுத்ததுக்குப் பேரன் அடிமையா? இது என்ன ஞாயம் அண்ணே?"

நம் மலேசியப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது அதற்கு ஒரு தனி வலி இருக்கிறது. தமிழ்நாட்டில் கேட்டால் அது புராணத்தைப் பற்றிய சந்தேகம். இங்கே கேட்டால் அது கொள்ளுத் தாத்தாவைப் பற்றிய கேள்வி. இன்றைக்கு கிரியான் என்றால் நெல் வயல்தான் கண்ணுக்கு வரும். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, 1906-ல் பாசனம் வந்தது. அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வேலை செய்யத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அந்தத் தாளில் கைநாட்டு வைத்தார்கள். கப்பல் செலவைக் கூலியில் பிடித்தார்கள். கடன் தீரும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. 1910-ல்தான் அந்த ஒப்பந்த முறையை ஒழித்தார்கள். வந்து இறங்கும்போதே கடனோடு இறங்கிய சனம் நாம்.

அதனால் அந்தத் தங்கைக்கு நான் மழுப்பிப் பதில் சொல்லவில்லை. மனிதன் மனிதனை எழுதி வாங்குவது தவறு. பேரனைப் பிடிப்பது அதைவிடத் தவறு. சட்டமும் இன்று அப்படித்தான் சொல்கிறது. அப்பா கடன் வைத்துவிட்டுக் காலமானால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அதை அடைக்க வேண்டும். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, உங்கள் சம்பளத்திலிருந்து கட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எழவு வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டுகிறவனுக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நம் பழைய தர்மசாஸ்திரம் தகப்பன் கடனை மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை தீர்க்கச் சொன்னது உண்மைதான். ஆனால் சூதாட்டத்துக்கும் குடிக்கும் வாங்கிய கடன் மகனைப் பிடிக்காது என்று அதே சாஸ்திரம் சொல்லியிருக்கிறது. இந்தியாவில் அந்த மகன் கடமையைச் சட்டமாகவே நீதிமன்றங்கள் நடத்திவந்தன. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பின் வாங்கும் கடன்களுக்கு அது இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். நல்லதுதான்.

அப்படியானால் திருவெண்ணெய்நல்லூர் ஓலை எதற்கு? அங்கே கேட்கப்பட்டது காசு இல்லை, தங்கையே. தோட்டத்து ஓலை ஆளைக் கூலியாக்கியது. இந்த ஓலை தோற்றவனைத் தோழனாக்கியது. சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்றே பேர். தீர்ப்பு வந்த பிறகு, உங்கள் வீடு எங்கே என்று கேட்டதற்கு, கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். அதற்குப் பிறகுதான் காட்சி. பைத்தியம் என்று திட்டினாயே, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்றார் இறைவன். திட்டின வார்த்தையே தேவாரத்துக்கு முதல் வார்த்தை ஆனது. தீர்ப்புக்குத் தலைகுனிந்தவருக்குத்தான் அது கிடைத்தது. சபைக்கு வராமல் புத்தூரிலேயே இருந்திருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். தேவாரம் நமக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியாது.

அந்தக் கல்யாணப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாம் அவளைப் பேசுவதே இல்லை. சேக்கிழார் மறக்கவில்லை. சுந்தரரையே நினைத்திருந்து சிவபதம் அடைந்தாள் என்று சொல்கிறார். பழைய கணக்கு ஒன்று தீரும்போது வீட்டுக்குள் இருக்கிற பெண்தான் அதன் விலையைக் கொடுக்கிறாள். இது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். எனக்கு இது நேரில் தெரியும்.

என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டுநர். கூட வேலை பார்த்தவர் சொந்த லோரி வாங்கப் போனபோது அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். "அண்ணன் தம்பியா பழகிட்டு எப்படிப்பா மாட்டேன்னு சொல்றது?" அவ்வளவுதான் காரணம். லோரி ஆறு மாதம் ஓடியது. பிறகு அந்த மனிதரும் இல்லை, லோரியும் இல்லை. கடிதங்கள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. அப்பாவுக்கு அதைப் படிக்க வராது. அம்மா வாங்கி, சாமி மேடையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார். "சாமி பாத்துக்கும்" என்பார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. படிக்கத் தெரியும். ஒருநாளும் எடுத்துப் படிக்கவில்லை. பயம் ஒரு பக்கம். படித்தால் என் தலையில் விழுந்துவிடுமே என்ற கெட்டிக்காரத்தனம் ஒரு பக்கம். கடைசியில் தெரிந்தபோது, அப்பா வராமலேயே வழக்கு முடிந்து, அவர் திவால் ஆகியிருந்தார். எப்படித் தெரிந்தது என்றால், தமிழ்நாட்டில் தாத்தா பிறந்த ஊரைப் பார்க்கப் போக வேண்டும் என்று காசு சேர்த்துக் கிளம்பினார். திவாலானவர் அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. போகவிடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தார். அம்மா சாமி மேடையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிறகு நானும் அக்காவும் சேர்ந்து கட்டினோம். ஆண்டுக்கணக்காகக் கட்டினோம். அக்கா தன் தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் அடகு வைத்தார். முழுக்கத் தீர்ந்ததும், எங்கள் லாயர் மனுப்போட்டு, நீதிமன்றம் அந்தத் திவால் உத்தரவை ரத்து செய்தது. அந்தத் தாள் கைக்கு வந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. குளித்துவிட்டு வந்து, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்த பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து, தூசு தட்டி, ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொன்னார். பத்து வருடக் கடிதங்கள். முதல் இரண்டு கடிதத்தில் தவணையைக் குறைத்துக் கட்டப் பேச வாருங்கள் என்று இருந்தது. பிரித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கல்கத்தாவில் ஒருவர் இருந்தார். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடியவர். 1909-ல் அரவிந்தர் விடுதலையானார். அந்தப் புகழுக்கு முன்பு, 1906-ல், தந்தையின் கடன் சுமையில் அப்பாவும் மகனும் திவாலானார்கள். சட்டப்படி அதோடு அந்தக் கடன்கள் முடிந்தன. கட்டு என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. பிறகு தொழிலில் பணம் வந்தது. 1913-ல் தாஸ், கட்ட வேண்டிய அவசியமே இல்லாத அந்தக் கடன்களைக் கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கட்டினார். அதன் பேரில் நீதிமன்றம் பழைய திவால் உத்தரவை நீக்கியது. இப்படி ஒருவர் தானாக வந்து நிற்பதைப் பார்த்து நீதிபதியே பாராட்டினார். ஏழு வருடத்துக்கு முன் எழுதிய உத்தரவை, கட்டி முடித்த கடன் திருப்பி எழுத வைத்தது. சட்டம் விட்ட இடத்தில் தர்மம் பிடித்துக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். சட்டம் அவரை விட்டுவிட்டதால்தான் அவரால் அதைத் தானாகச் செய்ய முடிந்தது. விரட்டிக்கொண்டே இருந்திருந்தால் அது வெறும் வசூல்தான்.

கொடுத்தவர் பக்கமும் ஒன்று உண்டு. காந்தி தென்னாப்பிரிக்காவுக்கு முதலில் போனது ஒரு கடன் வழக்குக்காகத்தான். 1893-ல் போனார். தாதா அப்துல்லா என்ற வியாபாரி, தம் உறவினர் தையப் சேட் மீது போட்ட வழக்கு. இரண்டு பேரும் லாயர் செலவிலேயே அழிந்துபோவார்கள் என்று பார்த்த காந்தி, பேசிப் பேசி மத்தியஸ்தத்துக்கு இழுத்து வந்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகம். சுமார் 37,000 பவுன், செலவுத் தொகை வேறு. அதை ஒரே தடவையில் கட்டச் சொல்லியிருந்தால் தையப் சேட் திவால். அந்த வியாபாரிகளுக்குத் திவாலாவது சாவைவிட மோசம். காந்தி ஜெயித்தவரிடம் போய்க் கெஞ்சினார். நீண்ட காலத் தவணைக்கு அவரைச் சம்மதிக்க வைப்பது, இரண்டு பேரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் எழுதியிருக்கிறார். தீர்ப்பு அதேதான், தொகை அதேதான். தவணை கொடுத்ததால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரவில்லை. உங்களிடம் யாராவது கடன் பட்டிருந்தால், சீட்டுப் பணம் பாக்கி வைத்திருந்தால், இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்நல்லூர்க் கிழவர் மாதிரி வழக்குப் போடுவதற்கு மட்டும் சாமியைக் கூப்பிடக் கூடாது.

சரி, அந்தத் தம்பியின் எட்டு உறைகளுக்கு வருவோம். கோயில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிரித்தோம். கோர்ட்டு லெட்டர் என்று அவர் சொன்னது சம்மன்தான். மேலே இருந்த தேதியைப் பார்த்தோம். வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சம்மன் கைக்குக் கிடைத்த 14 நாளுக்குள் நாம் வருகிறோம் என்று நீதிமன்றத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் நாம் இல்லாமலேயே தீர்ப்பு எழுதிவிடலாம். என் அப்பாவுக்கு நடந்தது அதுதான். மறுநாள் திங்கட்கிழமை ஒரு லாயரிடம் அழைத்துப் போனேன். வாங்கிய கடன் வாங்கியதுதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் தொகையில் கணக்கு உதைத்தது. தம்பி கட்டிய நான்கு தவணை வரவு வைக்கப்படவில்லை. ரசீது இருந்தது. ஓலையை ஒப்பிட்டுப் பார்க்கச் சபைக்குப் போனால்தானே முடியும்!

இப்போது இரண்டு தரப்பும் பேசி, மாதத் தவணைக்கு ஒத்துக்கொண்டு, அதையே நீதிமன்றத்தில் சம்மதத் தீர்ப்பாக எழுதிக்கொள்ளப் போகிறார்கள். தம்பிக்கு அதுவும் தீர்ப்புதான், கடனும் அதே கடன்தான். ஆனால் அந்தத் தாளில் இருக்கிற தவணை அவர் வாயால் சொன்ன தவணை.

லாயர் சொன்ன சிலதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வந்துவிட்டால் அது 12 வருடம் உயிரோடு இருக்கும். ஒப்பந்தத்தில் வேறு விகிதம் இல்லையென்றால் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஏறும். இருபதாயிரம் வெள்ளிக் கடனுக்கு வருடம் ஆயிரம் வெள்ளி. ஒளிந்திருக்கிற ஒவ்வொரு வருடமும் ஆயிரம். சாதாரணக் கடனுக்கு 6 வருடம் கழித்தால் வழக்குப் போடும் காலம் போய்விடும் என்று காப்பிக் கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. நடுவில் கொஞ்சம் கட்டினாலோ, கடன் இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்த 6 வருடம் அன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே ரொம்பப் பழைய கடன் என்றால் காசை நீட்டும் முன் ஒரு லாயரைப் பாருங்கள். தர்மப்படி கட்டுவது வேறு, ஏமாந்து கட்டுவது வேறு. திவால் வழக்குக்கு இப்போது கடன் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். சொந்த வாகனத்துக்கும், குடியிருக்கும் வீட்டுக்கும், படிப்புக்கும் இலாபம் பார்க்காமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்கக் கூடாது என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். தொழிலுக்கு வாங்கிய லோரிக்கு அது பொருந்தாது, கவனம். கட்டி முடித்தால், முடிந்தது என்று எழுத்தில் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். பேங்க் நெகாராவின் கீழ் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை மையம் இருக்கிறது. காசு வாங்காமல் கணக்குப் போட்டுத் தவணையும் பேசித் தருவார்கள். நம் பிள்ளைகள் அங்கே போவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு வட்டி முதலையிடம் போகிறார்கள். ஒரு கடனை அடைக்க ஆலோங்கிடம் இன்னொரு கடன்! அவன் வைத்திருக்கிற ஓலையைப் பார்க்க எந்தச் சபையும் கூடாது.

அப்பா கடைசியில் ஊருக்குப் போனார். தாத்தா ஊரைப் பார்த்துவிட்டு, விழுப்புரம் பக்கம்தானே என்று திருவெண்ணெய்நல்லூருக்கும் போனோம். கோயிலில் வழக்குத் தீர்த்த மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அப்பா அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கெழவரு அன்னிக்குக் கல்யாணத்துக்கு வராம இருந்திருந்தா, ஓலை என்னப்பா ஆயிருக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் தெரியாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த லாயரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டு வழிபாடு முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருவோம். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னாலோ, மோட்டார் சைக்கிள் கூடையிலோ பிரிக்காத உறை ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். அப்பா அம்மா பேருக்கு வந்ததாக இருந்தாலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எட்டு உறைத் தம்பியும் வருகிறார். கத்தரிக்கோல் அவர் கொண்டுவருவாராம்.

திருச்சிற்றம்பலம்.